தவறு மட்டும் தனிச்சொத்து

வரைபடம் வரைந்தவர்கள் கை வலித்து நிறுத்திய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஏழ்கரை நாடு இருந்தது. நாட்டின் நடுவில் ஒரு பெரிய ஏரி. அதற்கு மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். மேட்டில் மாடி வீடுகள், பள்ளத்தில் குடிசைகள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், அதுதான் இயற்கை என்று மேட்டுவீட்டார் அடிக்கடி சொல்வார்கள். நெல்லும் பாலும் மீனும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடியதைப் பற்றி இயற்கையிடம் யாரும் விசாரிக்கவில்லை.

நிலம், மாடு, படகு, வலை எல்லாம் மேட்டுவீட்டாருடையவை. பள்ளத்தெருக்காரர்களுக்குச் சொந்தமாக இருந்தது பழி ஒன்றுதான். பசு கன்று போடாவிட்டால் மேய்த்தவனுக்கு அடி விழும். மழை பொய்த்தால், நடவுக்காரிகள் வானத்தை முறைத்துப் பார்த்தார்கள் என்று கஞ்சியை நிறுத்துவார்கள்.

செம்பாயி அந்தத் தெருவில் பிறந்தவள். ஆள் சிறியவள், குரல் பெரியது. வயலின் இந்தக் கோடியில் அவள் பாட்டெடுத்தால் அந்தக் கோடியில் நிற்பவர்களும் யோசிக்காமல் குனிந்து நடத் தொடங்கிவிடுவார்கள்.

அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருடம் பள்ளத்தெருக்காரர்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மேட்டுவீட்டு ஆட்கள் தடியோடு வந்தார்கள். போராட்டம் உடைந்தது. யார் காட்டிக்கொடுத்தது, யார் ஓடியது என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு எல்லோரும் நெற்களத்தில் கூடியிருந்த ஒரு மத்தியானம், வண்டிக்கார நல்லதம்பி எழுந்து நின்றான். போராட்டத்தைத் தொடங்கி வைத்தவன் அவன்தான்.

"நம்ம தோத்ததுக்குக் காரணம் நான். தடியப் பாத்ததும் வைக்கப்போருக்குள்ள பூந்துக்கிட்டேன். நீங்க அடிவாங்குற சத்தம் கேட்டுச்சு. வெளிய வரல."

பிறகு கூட்டத்திலிருந்து ஒருவன், "உள்ள எடம் இருந்திருந்தா நானும் வந்திருப்பேன்" என்றான். களமே சிரித்தது.

நல்லதம்பி வேட்டியின் மடியை அவிழ்த்து எல்லோர் முன்னாலும் உதறினான். ஒரு பாதிப் பீடியும் ஒரு கொட்டைப்பாக்கும் விழுந்தன. "எங்கிட்ட மறைக்க வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"ஏற்றோம்" என்றார்கள்.

அடுத்து யார் யாரோ எழுந்தார்கள். செம்பாயியும் எழுந்தாள். போராட்டத்தின்போது மேட்டுவீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பாத்திரம் தேய்த்து அரிசி வாங்கி வந்ததைச் சொல்லி, முந்தானையை உதறினாள். ஏற்றோம் என்றார்கள். ஏற்றுக்கொண்ட தவறை மறுபடி யாரும் பேசக்கூடாது என்பது அன்றைக்கே முடிவானது. வீட்டுக்குத் திரும்பும்போது தலைச்சுமையை இறக்கி வைத்தவள்போல அவள் கைவீசி நடந்தாள்.

மேட்டுவீட்டாரின் பலம் தடியில் இல்லை. ஒவ்வொருவனின் ஒளிவுமறைவும் அவர்களுக்குத் தெரியும், அதில்தான் இருந்தது. மடி உதறத் தொடங்கிய பிறகு எவனை மிரட்டினாலும், அவன் "அதை நேத்தே களத்துல சொல்லிட்டேனே" என்றான். மிரட்ட ஒன்றும் கிடைக்காமல் திகைத்துப்போன மேட்டுவீட்டார், அடுத்த போராட்டத்தில் படகேறி நாட்டெல்லைக்கு அப்பால் அக்கரைக்குப் போய்விட்டார்கள். நல்லதம்பியின் கூட்டுக்கட்சி ஆட்சிக்கு வந்தது. நல்லதம்பி பெருங்கூட்டாளி ஆனார். நாட்டில் எல்லோரும் எல்லோரையும் "கூட்டாளி" என்று அழைக்கலாயினர்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இதை மறைப்பது நியாயமில்லை. எல்லா வீட்டிலும் உலை கொதித்தது. மேட்டுக் கிணற்றில் பள்ளத்துக் குடங்கள் இறங்கின. மாடு மேய்த்த பிள்ளைகள் பலகையில் எழுத்துக் கூட்டினார்கள். செம்பாயி ஏரிக்கரை காக்கும் காத்தமுத்துவைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் பெருங்கூட்டாளியே பந்தி பரிமாறினார்.

கோளாறு பொதுக் களஞ்சியத்தில் தொடங்கியது. அதற்கு ஓடு போடுவதா கூரை வேய்வதா என்று ஓட்டுக்குழுவும் கூரைக்குழுவும் விவாதித்துக்கொண்டிருந்தபோது மழை வந்து நெல் முளைத்துவிட்டது. அந்த வாரக் கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து, "இது கட்சியோட தப்புங்க" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் மேடையில் இருந்தவர்களுக்கு வியர்த்தது.

அவசர மாநாடு கூடியது. அதில் விளக்கம் தந்தவர் தவசி. முன்பு மேட்டுவீட்டில் காரியதரிசியாக இருந்தவர். கடைசிப் படகில் இடம் கிடைக்காததால் கட்சியில் சேர்ந்தவர்.

"கூட்டாளிகளே, இதை அறிவியல் முறையில் அணுகுவோம். நிலம் பொது, நீர் பொது, நெல் பொது. ஆகவே தவறும் பொது என்று சிலர் மயங்குகிறார்கள். தவறு பொதுவானால் அது கட்சியின் தவறாகிவிடும். கட்சி என்பது வரலாறு. வரலாறு தவறு செய்யுமா?"

"செய்யாது" என்றது மாநாடு.

"ஆகவே தவறு தனியுடைமை. இந்நாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே தனியுடைமை. அதையும் கட்சி தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மக்களுக்கே விட்டுக்கொடுக்கிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் பெருங்கூட்டாளி மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் தவறு?"

"நீங்கள் தனிமனிதர் அல்லவே. தங்களுக்கு எப்படித் தனியுடைமை இருக்கும்?"

நல்லதம்பிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு லேசாகப் பயமும் வந்தது. பயம் அந்த வாரத்தோடு போய்விட்டது. நிம்மதி தங்கிவிட்டது.

சட்டம் தெளிவாக இருந்தது. ஒரு தவறுக்கு ஒரே உரிமையாளர். கூட்டம் "ஏற்றோம்" என்று சொல்லிவிட்டால் தவறைத் திருப்பித் தர முடியாது. அடுத்தவர் தவறை எடுத்துக்கொள்வது திருட்டு. முக்கியமாக, உரிமையாளர் இல்லாத தவறு நாட்டில் எங்கும் கிடக்கக்கூடாது. இதைக் கவனிக்கத் தவறுப் பங்கீட்டுத் துறை அமைந்தது. தவசி அதன் செயலாளர்.

செம்பாயிக்கு அந்தத் துறையில் முன்குரல் வேலை கிடைத்தது. தவறு ஒதுக்கப்பட்டவருக்கு அதைத் திக்காமல் சொல்லப் பழக்க வேண்டும். கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று முதல் குரல் கொடுக்க வேண்டும். சொன்னவர் சாதாரணமானவர் என்றால் "ஏற்றோம்". பெருங்கூட்டாளியும் பழைய வழக்கத்தை விடாமல் கூட்டத்தின் தொடக்கத்தில் மடி உதறுவார். "உங்களை அளவுக்கு மீறி நேசித்தது என் தவறு" என்பார். அதற்கு மட்டும் "இல்லை, இல்லை!" என்று குரலெடுக்க வேண்டும். செம்பாயி எதை எடுத்தாலும் கூட்டம் அதைப் பின்பற்றியது. நடவு வயலில் பழகிய பழக்கம் அது. மனசில் இருப்பதைச் சொல்ல ஜனங்களுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் அவளும் ரொம்ப நாள் நம்பினாள்.

பிறகு வாத்துச் சட்டம் வந்தது. வாத்துகள் பொது வயலில் உழைக்காமல் உண்கின்றன என்று கண்டுபிடித்த வேளாண் குழு, அவற்றை நாடுகடத்தியது. வாத்து போனதும் நத்தை பெருகியது. நத்தை நாற்றைத் தின்றது. அந்தத் தவறு செம்பாயியின் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்கு ஒதுக்கப்பட்டது.

"நத்தைகளிடம் எடுத்துச் சொல்லி அவற்றின் மனத்தை மாற்றத் தவறினேன்னு சொல்லணும்க்கா."

"நத்தைகிட்ட நான் என்னத்தடி எடுத்துச் சொல்றது? எம் மருமக நாஞ் சொல்லியே கேக்க மாட்டேங்கிறா."

"சும்மா சொல்லிட்டு வந்துருக்கா. கஞ்சியில பாதியத்தான் குறைப்பாங்க."

வெள்ளையம்மா சொன்னாள். ஏற்றோம் என்றது கூட்டம். அரைவயிற்றோடு அவள் எதுவும் நடக்காததுபோல நடமாடினாள். ஊரும் பழகிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள், "மாப்பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். "அதிகமில்ல. ஒரு மாடு செத்தது, ஒரு படகு கவுந்தது. அவ்வளவுதான்" என்று பதில் வரும்.

அதன் பிறகு ஒருநாள் சமத்துவக் குழு ஏரிக்கரையைப் பார்வையிட வந்தது. நாட்டில் எல்லாம் சமமாகிவிட்ட நிலையில் கரை மட்டும் தரைக்கு மேல் உயர்ந்து நிற்பதைக் கண்டு குழு வருந்தியது. கரையில் ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு களத்தில் பெருங்கூட்டாளிக்கு மேடை எழுப்பும்படி முடிவெடுத்தது. உத்தரவில் பெருங்கூட்டாளி கையெழுத்திட்டார். தன் குரல் கடைசி வரிசைவரை கேட்பதில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது.

"தரையெல்லாம் சமமாயிட்டா ஏரி எங்கிட்டு நிக்குமாம்?" என்று காத்தமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"ஏரியும் வரிசையில நிக்குமாம்யா, நம்மளாட்டம்" என்றாள் செம்பாயி. இருவரும் சிரித்தார்கள்.

ஐப்பசியில் ஏரி வரிசையில் நிற்கவில்லை. விடாமல் பெய்த மழையில் வெட்டிய இடத்தின் மேலேயே வழிந்து, உடைத்துக்கொண்டு, பள்ளத்தெருவின் கீழ்ப்பாதியை அடித்துக்கொண்டு போனது. மாடுகள் போயின. மனிதர்களும் போனார்கள். வெள்ளையம்மாவின் மருமகளைக் கருவேலமரத்தில் சிக்கிய நிலையில் கண்டெடுத்தார்கள். வெள்ளையம்மா அழவில்லை. அந்தப் பிள்ளையின் தலைமுடியிலிருந்து சேற்றைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளம் வடிந்த மறுநாள் தவசி செம்பாயியின் வீட்டுக்கு வந்தார். சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கூட்டாளி செம்பாயி, துயரமான நேரம். துறை இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இவ்வளவு பெரிய தவறு இதுவரை நம் கைக்கு வந்ததில்லை. தகுதியான உரிமையாளரைக் கண்டுபிடித்துவிட்டோம்."

"யாருங்க?"

"உன் வீட்டுக்காரர்."

காத்தமுத்து வாசலில் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அவரு வெட்டச் சொன்ன எடத்துல வெட்டுனாரு. அவ்வளவுதானேங்க."

"வெட்டியது தவறல்ல. அது கட்சி முடிவு. தாழ்ந்த கரையைப் பார்த்து அவர் மனம் தளர்ந்தார். அந்தத் தளர்ச்சி மண்ணுக்குப் பரவி, கரை உடைந்தது. நாளை மறுநாள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நீயே பழக்கிவிடு. வெளியாள் வந்து பழக்குவது குடும்பத்துக்குக் கௌரவமாக இருக்காது."

"இதுக்குத் தண்டனை?"

"மணல்திட்டு."

மணல்திட்டு ஏரியின் நடுவில் இருந்தது. பெரிய தவறு உள்ளவர்கள் தங்கள் உடைமையைப் பற்றித் தனிமையில் சிந்திக்க அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். திரும்பி வரும் படகுக்கான தீர்மானம் இன்னும் குழுவில் இருந்தது.

தவசி போன பிறகு வெள்ளையம்மா வேலியோரம் வந்து நின்றாள். "எனக்கு நத்தை, ஒம் புருசனுக்கு ஏரியே. பெரிய குடும்பமாயிட்டீங்கடி" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுச் செம்பாயியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செம்பாயி புருஷனைப் பழக்க உட்கார்ந்தாள்.

"மனம் தளர்ந்தேன்னு சொல்லு."

"மனம் தளர்ந்தேன்."

"அந்தத் தளர்ச்சி மண்ணுக்குப் பரவுச்சு."

"ஏ புள்ள, மண்ணுக்கு எப்படிப் பரவும்? சொறி செரங்கா?" அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நான் சொல்லலேன்னா?"

"சொல்லாத தவறுன்னு இன்னொண்ணு சேரும்."

"அப்ப சொல்லிர்றேன். நீ முன்குரல் எடுக்கையில மட்டும் என்னப் பாக்காத. எங்கயாச்சும் வேற பக்கம் பாத்துக்க."

அதுவரை எத்தனையோ பேரை அவள் பழக்கியிருந்தாள். அவர்களும் இப்படித்தானே வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருப்பார்கள் என்று இப்போதுதான் தோன்றியது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒத்திகை உண்டு.

தவசி உற்சாகமாக இருந்தார். "மக்கள் மிகவும் நொந்திருக்கிறார்கள். 'நேசித்தேன்' என்பது இந்த முறை போதாது. பெருங்கூட்டாளிக்குப் புதிய உரை எழுதியிருக்கிறேன். கேள். 'பள்ளத்தெருவின் கண்ணீர் என் கண்ணீர். கரை என் நெஞ்சிலும் உடைந்தது. ஏரி உடைந்த தவறு என்னுடையது!' இந்த இடத்தில் நீ 'இல்லை' எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுகை கலந்து."

"ஏரி ஒடஞ்ச தவறுன்னே சொல்லுவாரா?"

"சொல்வார்."

"எங்க வீட்டுக்காரருக்கு ஒதுக்குன அதே தவறா?"

"அதேதான். அப்போதுதானே உருக்கமாக இருக்கும்! நீங்கள் எல்லோரும் மறுத்ததும் உன் கணவர் மேடையேறுவார். எப்படி அமைப்பு?"

"நல்லா அமைஞ்சிருக்குங்க" என்றாள் செம்பாயி.

மறுநாள் களம் நிரம்பியது. ஈரம் காயாத துணியோடு வந்தவர்கள் பாதிப்பேர். மண்மேடையின் உச்சியில் பெருங்கூட்டாளி நின்றார். உண்மையில் அவர் குரல் இப்போது கடைசி வரிசைவரை கேட்டது. மடியை அவிழ்த்து உதறினார். அதிலிருந்து எதுவும் விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஏரி உடைந்த தவறு என்னுடையது!" என்று கையை விரித்தார்.

கூட்டம் முதல் குரலுக்குக் காத்திருந்தது. தவசி தலையசைத்தார். காத்தமுத்து மேடைப்படியருகே தரையைப் பார்த்து நின்றான். செம்பாயி வயிற்றிலிருந்து மூச்செடுத்தாள்.

"ஏற்றோம்!"

நடவு வயலில் பாட்டு எழுந்ததுபோல, இத்தனை வருடப் பழக்கத்தில், களம் முழுவதும் ஒரே குரலில் "ஏற்றோம்!" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று கூட்டத்துக்கே உறைத்தது. யாரும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

தவசி பதறினார். பதற்றத்தில் நிகழ்ச்சி நிரலை விட்டால் வேறு வழி தெரியாமல், "அடுத்து, கூட்டாளி காத்தமுத்து!" என்றார்.

காத்தமுத்து மேலே ஏறினான். பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் புரிந்தது. வேட்டி மடியை நன்றாக உதறினான்.

"எம் மடியில ஒண்ணும் இல்லீங்க. இருந்த ஒண்ணையும் பெரியவரு எடுத்துக்கிட்டாரு."

"அதை நீ எடுத்துக்கொள்!" என்று கத்தினார் தவசி.

"அடுத்தவங்க தவற எடுக்குறது திருட்டுங்களே. ஒரு தவறுக்கு ஒரு ஆளுதான்னு சட்டம் போட்டது நீங்கதான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது வெள்ளையம்மா. வெள்ளத்துக்குப் பிறகு பள்ளத்தெருக்காரர்களிடம் கேட்ட முதல் சிரிப்பு.

தவசி மேடையின் மறுபக்கத்துக்கு ஓடி, "ஏற்பு செல்லாது! உணர்ச்சிவசப்பட்ட ஏற்பு!" என்று அறிவித்தார். பெருங்கூட்டாளி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மேடை விளிம்புக்கு வந்து கீழே குனிந்தார்.

"செம்பாயி, நீ சும்மா சொன்னியா, நெசமாவா?"

வெகுகாலத்துக்குப் பிறகு அவர் வண்டிக்காரன் பேச்சில் பேசினார்.

"நீங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படித்தான் நானும் சொன்னேன் கூட்டாளி."

நல்லதம்பி நிமிர்ந்து, உடைந்த கரை இருந்த திசையைக் கொஞ்சநேரம் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. மேடை அவ்வளவு உயரம்.

"வெட்டச் சொன்னது நான்தான். எங் குரல் எட்டணும்னு ஆசைப்பட்டேன்" என்றார். இதை எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

அப்போது வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "அப்படியே என் நத்தையையும் எடுத்துக்க சாமி. அதுவும் ஒன்னோடதுதான்" என்றாள். அவளுக்குப் பின்னால் களஞ்சியத் தவறுக்காரன் வந்தான், மாட்டுத் தவறுக்காரன் வந்தான், படகுத் தவறுக்காரனின் விதவை வந்தாள். திருப்பித் தர முடியாது என்ற சட்டத்தை அமைச்சர்கள் உரக்க நினைவூட்டினார்கள். ஜனங்கள் திருப்பித் தந்துகொண்டே இருந்தார்கள். மேடையில் இருந்த ஒவ்வொரு தலைவரும் தன் காலடியில் வந்து விழுந்ததைப் பக்கத்துத் தலைவரின் காலடிக்குத் தள்ளினார். பிறகு ஒவ்வொருவராகப் பின்பக்கம் இறங்கினார்கள்.

காத்தமுத்து அங்கே நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்து மேடையின் ஓரத்தில் ஒரு கொத்துப் போட்டான். "மழை இன்னும் இருக்கு. கரைக்கு மண்ணு வேணும்" என்றான். அவ்வளவுதான் புரட்சி. கூடை வந்தது, கடப்பாரை வந்தது. ஏரி மண் ஏரிக்கே போகத் தொடங்கியது. நல்லதம்பி மேடையிலிருந்து இறங்கி அந்த வரிசையில் நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை. முறை வந்தபோது ஒருவன் கூடையைத் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டான். கட்சி விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மண்வெட்டிச் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

படகுகள் மணல்திட்டுக்குப் போய், உயிரோடு இருந்தவர்களை ஏற்றி வந்தன. தவசி மட்டும் எங்கும் தென்படவில்லை. அவர் அக்கரைக்குப் போயிருந்தார். திரும்பியபோது மேட்டுவீட்டாரின் பேரப்பிள்ளைகளோடு பெரிய படகில் வந்தார். இந்த முறை அவருக்கு முன்வரிசையில் இடம் கிடைத்திருந்தது.

தவசி தொடங்கிய புதிய கட்சியின் பெயர் விடுதலைக் கட்சி. பட்டு நொந்த ஜனங்கள் அதற்கே வாக்களித்தார்கள். முதல் கூட்டத்தில் தவசி நெகிழ்ந்து பேசினார்.

"அன்பு மக்களே, உங்கள் உரல் இனி உங்களுடையது. உங்கள் ஆடு உங்களுடையது."

கைதட்டினார்கள். செம்பாயியும் தட்டினாள். பொதுவுக்குப் போன அவள் உரல் மூன்று தெரு தள்ளிக் கிடந்தது.

"அதே நியாயப்படி, மேட்டுவீட்டாரின் நிலமும் ஏரியும் இனி அவர்களுடையவை."

கைதட்டல் கொஞ்சம் தயங்கியது.

"அதைவிட முக்கியமானது. இனி யாருக்கும் தவறு ஒதுக்கப்பட மாட்டாது. தனிமனிதரைக் குற்றஞ்சாட்டும் கொடுமை ஒழிந்தது. எல்லாத் தவறுகளும் இன்று முதல் நாட்டுடைமை. எது நடந்தாலும் அது நம் எல்லோருடைய தவறு!"

இதற்குத்தான் பெரிய கைதட்டல். பட்டவர்கள் அல்லவா.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு மேட்டுவீட்டுப் பேரன். மீன் வளர்த்தார். மீன் கொழுப்பதற்காக மதகுகளை இறுக்கி மூடினார். அடுத்த மழையில் தண்ணீர் கரையின் மேல் ஏறி மறுபடியும் பள்ளத்தெருவுக்குள் புகுந்தது. காத்தமுத்துவும் ஊரும் சேர்ந்து கட்டிய கரை உடையவில்லை. அதனால் உயிர் போகவில்லை. தானியப் பானைகள் மட்டும் ஊறிப்போயின. அடுப்புகள் கரைந்தன. பிள்ளைகள் பசியில் அழுதார்கள்.

செம்பாயி முழங்கால் சேற்றோடு தவசியின் அலுவலகத்துக்குப் போனாள்.

"மதகத் தொறக்கலைங்க. யாரு தவறு இது?"

"நம்முடையது அம்மா" என்றார் தவசி கனிவாக. "உன்னுடையது, என்னுடையது, பிறக்கப்போகும் குழந்தையுடையது. நாடே வருந்துகிறது."

"அந்த மீனு?"

"மீன் குத்தகைதாரருடையது."

செம்பாயி கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் குத்தகைதாரரின் மீன்கள், ஒவ்வொன்றும் கை நீளம், வீடுவீடாகப் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு விரால் வெள்ளையம்மாவின் திருகைமேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது.

"அக்கா" என்றாள் செம்பாயி, "பழைய சேலை ஏதாச்சும் இருக்கா, ரெண்டு பக்கம் புடிக்க?"

வெள்ளையம்மா சேலையோடு வந்தாள். தெருவே சேலையோடு வந்தது. மேடான இடத்தில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். புளியும் மிளகாயும் யார் யார் வீட்டுப் பரணிலிருந்தோ வந்தன. குழம்பு கொதிக்கும் வாசனை ஏரியைத் தாண்டி மேட்டுக்கே போயிற்று.

வாசனையைப் பிடித்துக்கொண்டு காவலர்கள் வந்தார்கள். குத்தகைதாரர் வந்தார். அவர்களோடு தவசியும் வந்தார். காவலர் தலைவர் நேராகக் காத்தமுத்துவின் தோளைப் பிடித்தார். ஏற்கெனவே பேர் அடிபட்ட ஆள் அவன்.

"யார் செய்த திருட்டு இது? இவன்தானே?"

காத்தமுத்துவின் கையில் இலை இருந்தது. இலையில் சோறும் நடுத்துண்டும் இருந்தன. அவன் அசையவில்லை.

செம்பாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வயிற்றிலிருந்து மூச்செடுத்தாள்.

"இது நம்ம எல்லாரோட தவறுங்க!"

"நம்ம எல்லாரோட தவறு!" என்றது தெரு.

காவலர் தலைவர் தவசியைத் திரும்பிப் பார்த்தார். குத்தகைதாரரும் பார்த்தார். தவசி வாயைத் திறந்தார். திருட்டுக்கு ஓர் ஆளைக் காட்டினால், சட்டப்படி, மூடிய மதகுக்கும் ஓர் ஆளைக் காட்ட வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"நாடே சேந்து செஞ்சது. அதுல ஒங்களுக்கும் பங்கு இருக்குதுல்ல?" என்றபடி செம்பாயி இன்னொரு இலையை விரித்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க? ஒக்காருங்க. பங்கு ஆறிப்போகுது."